நடந்து பார்க்க ஒரு தலைநகர்

ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் தருமபுரியில் இறங்குவது பஸ் மாறுவதற்குத்தான். சேலத்துக்கும் பெங்களூருக்கும் போகிறவர்களுக்கு அந்த வேலையும் இல்லை. நான்குவழிச் சாலை ஊருக்குள் நுழையாமலே அவர்களைக் கடத்திவிடும். வெளியூர் உறவினர் வந்தால் நாங்களும் ஒகேனக்கல், தீர்த்தமலை, அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் என்றுதான் வண்டி பேசி அனுப்புகிறோம். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இது நெடுநாள் மனக்குறை.

தகடூர் என்ற பெயரில் இந்த ஊர் ஒரு காலத்தில் தலைநகர். அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழ்பிராமிக் கல்வெட்டு அவன் பெயரையே சொல்கிறது, 'சதியபுதோ' என்ற அடைமொழியோடு. சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் என்ற வரிசையில் அசோகர் கல்வெட்டு சொல்லும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் பல காலம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். விடை எங்கள் ஊர் மன்னனிடம் வந்து நின்றது. அப்படிப்பட்ட ஊரின் கடைவீதியில் வயதான ஒருவர் இன்றைக்கு நிம்மதியாக நடந்துபோக முடியவில்லை. இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா, மகன் வேலை பார்க்கிற மொரிசியஸுக்குப் போய்விட்டு வந்தார். தலைநகர் போர்ட் லூயியைப் பற்றி அவர் சொன்னதில் பெரிய கட்டடமோ பெரிய ஹோட்டலோ இல்லை. மார்க்கெட்டில் காய் அடுக்கியிருந்த அழகு, துறைமுகக் கரையில் காற்று வாங்கியது, பருப்பு வைத்த ரொட்டியைச் சுருட்டித் தரும் கடையில் நின்றபடியே சாப்பிட்டது, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்து அசந்துபோனது, தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை என்று தெரிந்துகொண்டது. "சும்மாதான் நடந்தோம் சார். அதுவே அவ்வளவு நல்லா இருந்துச்சு" என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, கடலைத் தவிர மற்றதெல்லாம் இங்கேயே இருக்கிறதே என்று தோன்றியது. கால் வைக்க இடம்தான் இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு தீவு இருக்கிறது. கொழும்பில் காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையை 1859இல் ஆளுநர் சர் ஹென்றி வார்டு முடித்துவைத்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் இதைக் காப்பாற்றுங்கள் என்று தமக்குப் பின்னால் வரப்போகிற ஆளுநர்களைக் கேட்டுக்கொண்டு ஒரு கல்லும் நட்டுவைத்தார். ஆட்சி மாறியது, கொடி மாறியது. இன்றும் மாலையானால் கொழும்புக்காரர்கள் இறால் வடையை வாங்கிக்கொண்டு அங்கேதான் நடக்கிறார்கள். ஊர் மக்கள் நிதானமாக உலாவுகிறார்கள் என்றால், அப்படி உலாவ யாரோ ஒருவர் என்றோ இடம் ஒதுக்கியிருக்கிறார் என்று பொருள்.

நான் பட்டு வளர்ச்சித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலையில் எந்தப் பக்கம் கிளம்பினாலும் என் கால்கள் நான்கு ரோட்டில் இருக்கிற அரசுப் பட்டுக்கூடு அங்காடிக்குத்தான் திரும்பும். தருமபுரியில் பிறந்து வளர்ந்தும் அதற்குள் ஒரு தடவைகூடப் போகாதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பென்னாகரம், பாலக்கோடு பக்கத்திலிருந்து விவசாயிகள் கூட்டு மூட்டைகளோடு வந்து இறங்குகிறார்கள். மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்போது வெள்ளை வெளேரென்று குவியும். ஒருவகையான பச்சை நெடி அடிக்கும். பழகியவனுக்கு அது வாசனை. கொட்டிய பிறகு அந்த விவசாயி வேறெங்கும் நகர மாட்டார். ஏறக்குறைய 25 நாள் இரவு பகலாக மல்பெரி இலை போட்டு, புழு வளர்ப்பு மனையில் சூடும் ஈரமும் பார்த்து, நோய் அண்டாமல் காத்துக் கொண்டுவந்த மகசூல் அது. வைத்திருந்து நல்ல விலைக்கு விற்கலாம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. புழு கூடு கட்டி முடித்த பத்துப் பன்னிரண்டு நாளில் உள்ளே இருப்பது அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளை விழுந்த கூட்டில் அறுபடாத நூல் எடுக்க முடியாது.

ஒரு நாள் பட்டு நூற்பாளர் ஒருவர் குவியலிலிருந்து ஒரு கூட்டை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே கூட்டுப்புழு நன்றாக முற்றியிருந்தால் கலகலவென்று கேட்கும். இளசாக இருந்தால் சத்தம் மந்தமாக வரும். அடுத்து கட்டைவிரலால் அழுத்தி ஓட்டின் கெட்டியைப் பார்த்தார். பிறகு ஒன்றைக் கீறி உள்ளே கறை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரே நின்ற விவசாயப் பெண் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தக் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வெண்பட்டுக் கூடு ஒன்றில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு நூல் இருக்கும். அந்த நீளம் முழுவதும் ஒரு விரலின் அழுத்தத்தில் விலையாகிவிடுகிறது. ஏலம் முடிந்ததும் அந்தப் பெண் வெளியே வந்து டீக்கடையில் ஒரு பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற என்னிடம், "பரவால்லண்ணா, போன தடவைக்கு இது மேலு" என்றார். காலிச் சாக்குகளை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். லாரியும் பஸ்ஸும் போகிற சாலையின் விளிம்பில், நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு வெளிப்பக்கமாக நடந்தார்.

நான்கு ரோட்டுப் பக்கமே உழவர் சந்தையும் இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் எங்கள் ஊருக்கும் வந்து நன்றாகவே வேரூன்றிவிட்டது. விடிந்தும் விடியாமலும் போனால் அவரைக்காய், துவரை, கீரைக்கட்டு, அரூர்ப் பக்கத்து மரவள்ளி என்று பருவத்துக்கு ஏற்றபடி மாறிக்கொண்டே இருக்கும். ஒரே கடையில் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். இந்த ஊரில் அது யாருக்கும் அதிசயம் இல்லை. "ஆயா, கீரை எவ்வளவு?" என்றால், "நீ எடு கண்ணு, காசு எங்க ஓடிடப் போவுது" என்பார் கீரைக்கார அம்மா. கூடவே ராகிக் களிக்கு எந்தக் கீரையைக் கடைய வேண்டும் என்றும் சொல்லி அனுப்புவார்.

அந்த அம்மா சிரிக்கும்போது முந்தானையால் வாயை மறைத்துக்கொள்வார். இந்த மாவட்டத்தில் என் வயதுக்காரர்கள் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடு பல்லைப் பழுப்பாக்கியது. சிலருக்கு எலும்பையும் வளைத்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பல்லைப் பார்த்து வேண்டாம் என்று போனவர்களின் கதை எங்கள் கிராமங்களில் ஏராளம். 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியோடு கட்டி, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் ஒழுங்காக வருகிற தெருவில் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். வாயைத் திறந்து சிரிக்கிறார்கள், பல் வெள்ளையாக இருக்கிறது. கார்க் கண்ணாடி வழியாக இது யாருக்கும் தெரியாது. எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, எந்தப் பிள்ளை இன்னும் கையால் வாயை மறைக்கிறது என்பதையும் நடந்து போகிறவர்தான் பார்க்க முடியும். ஆட்சியர்களும் கவுன்சிலர்களும் நடக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

மாசி, பங்குனியில் நடந்தால் ஊருக்கு வேறு வாசனை. புளி சீசன். தோப்பிலும் சாலையோரத்திலும் உலுக்கிய புளி மூட்டை மூட்டையாக வந்துவிடும். திண்ணையிலும் கொட்டகையிலும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓட்டைத் தட்டி, நாரை உருவி, கொட்டையை எடுக்கிறார்கள். கூலி கிலோக் கணக்கு என்பதால் பேச்சு ஓடினாலும் கை நிற்காது. விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருக்கும். வேலை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரமும், அலுவலகம் விட்ட இருசக்கர வாகனங்கள் ஊரை நிறைக்கும் நேரமும் ஒன்றுதான். நடை என்றால் உடம்பைக் குறைக்கப் பூங்காவைச் சுற்றி வருவது என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: தருமபுரியில் அதிகமாக நடப்பவர்கள் இவர்கள்தான். பஸ் காசு மிச்சம் பிடிக்க நடக்கிறார்கள்.

கோட்டைப் பக்கம் போனால் ஊரின் வேகம் சட்டென்று தணியும். மல்லிகார்ஜுனர் கோயிலும் காமாட்சியம்மன் கோயிலும் நொளம்ப மன்னர் காலத்துக் கலையைத் தாங்கி நிற்பவை. மல்லிகார்ஜுனர் கோயிலில் தரையைத் தொடாமல் நிற்கும் தூண்களின் அடியில் பிள்ளைகள் துணியை விட்டு இழுத்துப் பார்ப்பார்கள். காமாட்சியம்மன் கோயிலின் அடித்தளத்தில் இராமாயணக் காட்சிகள் கையளவுச் சிற்பங்களாக ஓடுகின்றன. குனிந்து, மெதுவாக நகர்ந்து பார்க்க வேண்டிய வேலைப்பாடு அது. வந்த வேகத்தில் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை. மகேந்திர நொளம்பன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் கடைசியில், இந்த ஊரில் சமணப் பள்ளிக்குத் தானம் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஊருக்குள் இருக்கிற தொல்லியல் துறை அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன; மாடு மீட்டுச் செத்த வீரர்கள், கையில் வில்லோடும் வாளோடும். எத்தனை பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அங்கே நடத்திக் கூட்டிப்போகின்றன?

தாமஸ் மன்றோ இந்த ஊரில்தான் வாழ்ந்தார். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் என்ற இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குப் போனபோது, அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்து 1799 வரை இருந்தார். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரானார். சென்னையில் தீவுத்திடல் அருகே குதிரை மேல் சிலையாக இருப்பவர் அவர்தான். இங்கே அவர் வளர்த்த தோட்டத்தின் மேல் உயிராக இருந்தார் என்பது அவருடைய கடிதங்களிலிருந்து தெரிகிறது. அவர் நினைவாக ஒரு தூண் நிற்கிறது. கும்பெனி வரி வசூலித்த கதையை நான் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் ஊர் ஊராகப் போய், குடியானவனோடு உட்கார்ந்து கணக்குக் கேட்டதிலிருந்துதான் அவருடைய ரயத்துவாரி வரிமுறை பிறந்தது. நேரில் வந்து பார்த்த ஒருவரின் கண்ணுக்கு இந்த ஊர் அழகாக இருந்திருக்கிறது.

இனி தைப்பூசம். குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் தேரைப் பெண்கள்தான் வடம் பிடிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், மருமகளும் மாமியாரும், கல்லூரிப் பிள்ளைகளும் கூலிக்குப் போகிறவர்களும், ஒரே வடத்தில் கை வைத்து இழுக்கும்போது பார்க்க வேண்டும். அன்றைக்கு அந்தத் தெருவில் வண்டி கிடையாது, வாசலில் பைக் நிற்காது, கடைப் பலகை வெளியே நீட்டாது. போலீஸும் நகராட்சியும் மின்வாரியமும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து தெரு முழுவதையும் காலுக்குக் கொடுத்துவிடுகின்றன. முடியாது என்று யாரும் சொல்வதில்லை. தேர் நிலைக்கு வந்த மறுநாள், வடம் பிடித்த அதே பெண்கள் சாக்கடை ஓரத்தில் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார்கள். எனக்கு இதைச் சகிக்க முடியவில்லை.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஒன்றிய அரசே வெளியிட்ட கணக்கு இது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். அவர்கள் யாரும் வேகமாக ஓட்டவில்லை, குடித்துவிட்டு ஓட்டவில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டம் 21ஆம் பிரிவு தருகிற உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று சொல்லி, மாநிலங்கள் இதற்கு வழிமுறை வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கும் இந்தியச் சாலைப் பேராயம் விதி எழுதி வைத்திருக்கிறது: குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம், கடைவீதி என்றால் அதைவிடக் கூடுதல், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முழங்கால் உயரத்துக்குக் கட்டிவைத்தால் வயதானவர்கள் ஏற மாட்டார்கள், சாலையிலேயே நடப்பார்கள். பிறகு, நடைபாதை போட்டும் ஜனங்கள் பயன்படுத்தவில்லை என்று அவர்கள் மேலேயே பழி வரும்.

நடைபாதை என்றதும் முதல் வேலையாகத் தள்ளுவண்டிக்காரரை விரட்டுவார்கள். அதற்கு நான் உடன்பட மாட்டேன். தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. விற்பனைக்குழு அமைத்து, எந்த இடத்தில் எத்தனை கடை என்று குறித்துக் கொடுக்கச் சொல்கிறது. கொய்யாவை நறுக்கி மிளகாய்த்தூள் தூவித் தருகிறவர், பூக் கட்டுகிற அக்கா, ராத்திரியில் இட்லிக்கடை போடுகிறவர் எல்லாம் இருப்பதால்தான் தெருவில் நடக்கத் தோன்றுகிறது. இருட்டிய பிறகு பெண்கள் தனியாக வருவதற்கும் அவர்கள்தான் துணை. நடைபாதையை உண்மையில் அடைத்துக்கொண்டிருப்பது நாள் முழுக்க நகராத பைக்குகளும், கடைக்கு வெளியே நாலடி நீட்டிய படிக்கட்டும், சரக்குப் பெட்டிகளும், நட்டநடுவில் நிற்கிற கம்பங்களும்தான்.

வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வாடகையும் வட்டியும் கட்டுகிறவர்கள் அவர்கள். ஆனால் சென்னை பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை போட்டபோதும் இதே பயம்தான் இருந்தது. இன்று சாயங்காலம் போய்ப் பாருங்கள், கூட்டத்தைக் கடைகள்தான் தாங்க வேண்டியிருக்கிறது. வண்டியில் வருகிறவர் குறித்துவந்த ஒரு சாமானை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நடந்து வருகிறவர் நான்கு கடையை எட்டிப் பார்ப்பார்.

சாலை ஒரு துறையிடம், சாக்கடை இன்னொருவரிடம், கம்பம் மின்வாரியத்திடம் என்று பிரிந்து கிடப்பதால் யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். தைப்பூசத்துக்கு ஒரே மேசையில் உட்காருகிறவர்கள் இதற்கும் உட்காரலாம். ஊர் முழுவதையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: நான்கு ரோட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து கோட்டைக் கோயில். எல்லாம் நடக்கிற தூரம்தான். சாக்கடைக்கு உறுதியான மூடி போட்டு அதையே நடைபாதையாக்குங்கள். வண்டி நிறுத்தம் சாலையின் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் புங்க மரம். எங்கள் வெயிலுக்கும் எங்கள் மண்ணுக்கும் அது தாங்கும். பாதி வழியில் உட்கார நாலு கல் பெஞ்சு. பட்டுக்கூடு விற்க வருகிற பெண்களும் புளி தட்டப் போகிற பெண்களும் பயன்படுத்தும்படி, தண்ணீர் வருகிற, பூட்டிக் கிடக்காத கழிப்பறை. அகழ்வைப்பகத்துக்கும் மன்றோ தூணுக்கும் வழிகாட்டும் பலகை.

2011 கணக்கெடுப்பில் இந்த நகராட்சியின் மக்கள்தொகை 70 ஆயிரத்தைத் தொடவில்லை. இப்போது கூடியிருக்கும். ஆனாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடக்கூடிய அளவுதான். ஊர் கைமீறிப் பெருத்த பிறகு நடைபாதைக்கு இடம் தேடித் தவிக்கிற நகரங்களை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நமக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. வருகிற நகராட்சி பட்ஜெட்டில் இந்த ஒரு வழித்தடத்துக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். திட்டம் போடுவதற்கு முன்னால் தலைவரும் ஆணையாளரும் பொறியாளரும், ஏலம் முடிந்து வெளியே வருகிற நேரத்தில், ஏதாவது ஒரு விவசாயப் பெண்ணோடு பட்டுக்கூடு அங்காடியிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடவே நடந்து வரட்டும். எந்த இடத்தில் அவர் சாலைக்கு இறங்க வேண்டியிருக்கிறதோ அந்த இடத்தையெல்லாம் பொறியாளர் குறித்துக்கொள்ளட்டும். வேலையை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.